உங்களுக்குத் தெரியுமா? விஷம் தொட்டால் விளக்கு எரியும்!

ஒரு டம்ளர் தண்ணீர். 200 மில்லி. குடிநீரில் பாதரசம் இவ்வளவுதான் இருக்கலாம் என்று நம் நாட்டில் ஒரு வரம்பு உண்டு. அந்த வரம்பில் நிற்கிற டம்ளருக்குள் எத்தனை பாதரச அணுக்கள் தெரியுமா? 6 கோடி கோடி! கோடியைக் கோடியால் பெருக்கி, அதை 6-ஆல் பெருக்குங்கள்!

அத்தனை அணுவையும் அள்ளித் தராசில் வைத்தால்? ஒரு கிராமில் 50 லட்சத்தில் ஒரு பங்கு! நாக்குக்குத் தெரியாது. மூக்குக்குத் தெரியாது. கண் சுத்தமாக ஏமாந்துபோகும்!

அந்த வரம்பு என்ன? நூறு கோடியில் ஒரு பங்கு. சின்னதாகத் தெரிகிறதா? நூறு கோடி விநாடியை எண்ணி முடிக்க 31 வருஷம் 8 மாதம் ஆகும். அதில் ஒரே ஒரு விநாடி!

அந்த ஒரு விநாடியைப் பிடிப்பதற்கென்றே மூலக்கூறுகள் இருக்கின்றன. புற ஊதா வெளிச்சத்தில் அவை ஒளிரும். பாதரசமோ காரீயமோ வந்து ஒட்டினால் சிலது குப்பென்று எரியும். சிலது பொசுக்கென்று அணையும். எரிந்தாலும் சேதி, அணைந்தாலும் சேதி!

ஏதோ போன வருஷத்துக் கண்டுபிடிப்பு என்று நினைத்தீர்களா? 1867! சுவிட்சர்லாந்துக்காரர் ஃப்ரீட்ரிக் கோப்பல்ஸ்ரோடர், மோரின் என்ற மஞ்சள் சாயத்தோடு அலுமினிய உப்பைச் சேர்த்தார். பச்சையாக ஒளிர்ந்தது. உலகத்தின் முதல் ஒளிரும் சென்சார் பிறந்துவிட்டது!

மோரின் எதில் இருக்கிறது தெரியுமா? பலா மரத்தின் வைரத்தில்! புத்த பிக்குகளின் அங்கிக்கு வழிவழியாகச் சாயம் கொடுத்த அதே பலாக்கட்டை. தஞ்சாவூர் வீணையும் அதே மரத்தில்தான். வீணைக்குள் ஓர் அலுமினிய சென்சார் ஒளிந்திருக்கிறது ஐயா!

கலங்கல் தண்ணீரில் பாட்டி படிகாரம் சுற்றுவாரே, அந்தப் படிகாரத்தில் இருப்பதும் அலுமினியம்தான். பலாக்கட்டைச் சாயம் தேடுவதும் அதைத்தான்!

அடுத்து ஒரு மலைக்காட்டு மரம். பெயர் சின்கோனா. மலேரியாவுக்கு மருந்தான குவினைன் இதன் பட்டையில்தான் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் நீலகிரியிலும் ஆனைமலையிலும் கொண்டுவந்து வளர்த்தார்கள். வால்பாறை பக்கம் சின்கோனா என்றே ஓர் ஊர் உண்டு!

அந்தக் குவினைன் கரைசலில் வெயில் பட்டால் மேற்பரப்பில் மட்டும் ஒரு நீலம் மினுங்கும். இதை 1845-ல் எழுதிவைத்தவர் ஜான் ஹெர்ஷல். அது ஏன் என்று கண்டுபிடித்தவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ். 1852-ல் அவர் எழுதிய கட்டுரை 100 பக்கத்துக்கும் மேல்!

ஸ்டோக்ஸ் பயன்படுத்திய கருவிகளைக் கேளுங்கள். ஒளியை வடிகட்ட, மாதாகோவில் ஜன்னலில் பதிக்கிற நீலக் கண்ணாடி. ஒளிர்வை மட்டும் பார்க்க, ஒரு கிளாஸ் மஞ்சள் ஒயின்! ஆராய்ச்சி முடிந்ததும் அந்த வடிகட்டியைக் குடித்தாரா என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை!

இந்த ஒளிர்வுக்கு ஃப்ளோரசன்ஸ் என்று பெயர் வைத்ததும் ஸ்டோக்ஸ்தான். ஃப்ளோர்ஸ்பார் என்ற கல்லின் பெயரிலிருந்து எடுத்தார். ஃப்ளோரைடு என்ற பெயரும் அதே கல்லிலிருந்து வந்ததுதான்! பல்லைக் கறையாக்குகிற விஷமும் அதைக் காட்டிக்கொடுக்கிற வெளிச்சமும் ஒரே கல்லின் வாரிசுகள்!

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, வீட்டில் எல்லா விளக்கையும் அணைத்தேன். ஒரு டம்ளரில் டானிக் வாட்டர். கையில் ஒரு யு.வி. டார்ச். சுவிட்சை அழுத்தினேன். டம்ளருக்குள் நீலம்! நீலமென்றால் அப்படியொரு நீலம், சமையல் மேடையே கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது!

ஒரு ஸ்பூன் சாப்பாட்டு உப்பைப் போட்டேன். புஸ்ஸென்று நுரை பொங்கியது. கலக்கினேன். நீலம் மங்கிக்கொண்டே போனது! டம்ளரில் இருக்கிற குவினைன் அப்படியேதான் இருக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு வந்து அதன் வெளிச்சத்தை அணைக்கிறது. நான் செய்தது ஒரு குளோரைடு சென்சார்! செலவு ஒரு ஸ்பூன் உப்பு!

இதே வித்தையை வைத்து 1987-ல் விஞ்ஞானிகள் உயிருள்ள செல்லுக்குள் குளோரைடை அளந்தார்கள். குவினைனில் ஒளிர்கிற பாதியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு புது மூலக்கூறு செய்தார்கள். நுரையீரலை அடைக்கிற சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயை ஆராய அது கைகொடுத்தது. மலேரியா மருந்தின் பேரன் நுரையீரல் ஆராய்ச்சியில்!

டார்ச்சைக் கீழே வைக்க மனமில்லை. மஞ்சள்தூளை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கலந்தேன். பச்சை கலந்த மஞ்சளில் தகதகவென்று ஒளிர்ந்தது! தண்ணீரில் கலந்ததோ சப்பென்றிருந்தது. ஒரே மஞ்சள்தான். தண்ணீரில் தூங்குகிறது, ஸ்பிரிட்டில் விழிக்கிறது!

முருங்கைக்கீரையை நசுக்கி ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டினேன். பச்சைக் கரைசல். டார்ச் அடித்தால் ரத்தச் சிவப்பு! பிள்ளைகள் இரண்டு பேரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு மாமி கதவைத் தட்டிவிட்டார்!

அந்தச் சிவப்பு பச்சையத்தின் ஒளிர்வு. பச்சையத்தின் நடுவில் ஒரு மெக்னீசியம் உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டுச் செம்பை உட்காரவைத்தால்? பச்சை நிறம் இருக்கும், ஒளிர்வு போய்விடும்! ஒளிரும் மூலக்கூறுகளின் உலகத்தில் செம்புதான் பெரிய விளக்கணைப்பான்!

வெள்ளை வேட்டி மேல் அடித்துப் பார்த்தேன். நீலமாக எரிந்தது! அது வேட்டியின் வெண்மை இல்லை, சலவைத்தூளிலிருக்கிற ஒளிரும் சாயம். 500 ரூபாய் நோட்டின் வரிசை எண்ணும் மின்னியது. கள்ளநோட்டு பார்க்கிற கடைக்காரர் தினமும் நடத்துகிற ஆராய்ச்சி இது!

ஒரு மூலக்கூறு வெளிச்சத்தை வாங்கித் திருப்பிக் கொடுக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? ஃப்ளோரசீன் என்ற சாயத்துக்கு 4 நானோ விநாடி. நீங்கள் ஒருமுறை கண்ணைச் சிமிட்டுவதற்குள் 5 கோடி முறை வாங்கிக் கொடுத்துவிடலாம்!

1871-ல் ஃப்ளோரசீனை உருவாக்கியவர் அடோல்ஃப் ஃபான் பேயர். ஆறே வருஷத்தில் அது துப்பறியக் கிளம்பிவிட்டது! ஜெர்மனியில் டான்யூப் ஆற்றுத் தண்ணீர் ஓரிடத்தில் தரைக்குள் மறைகிறது. எங்கே போகிறது? 1877-ல் 10 கிலோ ஃப்ளோரசீனைக் கொட்டினார்கள். 60 மணி நேரம் கழித்து, பல கிலோமீட்டர் தள்ளி ஆக் ஊற்று பச்சையாகப் பொங்கியது! வழக்கு முடிந்தது!

அமெரிக்காவின் சிகாகோ நதி வருஷத்துக்கு ஒருமுறை பச்சையாகும், படம் பார்த்திருப்பீர்கள். தொடக்கம் 1962. ஆற்றில் கழிவைத் திருட்டுத்தனமாக விடுகிற குழாய்களைக் கண்டுபிடிக்க பிளம்பர்கள் வைத்திருந்த சாயம்தான் அது! முதல் தடவை 100 பவுண்டு கொட்டிவிட்டார்கள். ஒரு வாரம் பச்சை போகவே இல்லை!

கண் ஆஸ்பத்திரியில் விழித்திரையைப் படம் எடுப்பதற்கு முன் கை நரம்பில் ஒரு மஞ்சள் மருந்து ஏற்றுவார்களே? அதே ஃப்ளோரசீன்! அன்றைக்குச் சிறுநீர் பளீர் மஞ்சளாகப் போனால் பயப்படாதீர்கள்!

பஞ்சுமிட்டாய் ஞாபகம் இருக்கிறதா? ரோடமின்-பி என்ற சாயம் கலந்ததால் 2024 பிப்ரவரியில் புதுச்சேரி தடை போட்டது. அதே மாதம் தமிழ்நாடும் தடை போட்டது. உணவில் வில்லன்! ஆனால் ஆய்வுக்கூடத்தில் இதே ரோடமின்-பி செம்பையும் பாதரசத்தையும் பிடித்துக்கொடுக்கிற ஹீரோ!

வித்தை இதுதான். ரோடமினை ஒரு பூட்டுப் போட்டு மூடிவிடுவார்கள். நிறம் இருக்காது, ஒளி இருக்காது, வெறும் தண்ணீர் மாதிரி நிற்கும். செம்பு அயனி வந்தால் பூட்டு திறக்கும். பஞ்சுமிட்டாய் ரோஸ் நிறம் குபீரென்று வரும்! 1997-ல் இதைச் செய்து காட்டியவர் அந்தனி சார்னிக்.

அந்தச் சார்னிக் அடுத்த வருஷம் என்ன செய்தார் தெரியுமா? 1998-ல் நாலு பேரோடு சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்தார். பெயர் இல்லுமினா. மரபணு வரிசையைப் படிக்கிற இயந்திரங்களில் இன்றைக்கு உலகப் பெயர்! அந்த இயந்திரங்கள் எழுத்தெழுத்தாகப் படிப்பதும் ஒளிரும் சாயங்களை வைத்துத்தான்!

பாதரசக் கதைகளைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். ஜப்பானின் மினமாட்டா. கடலோர ஊர். பூனைகள் நடனமாடுவது போலத் தள்ளாடிச் செத்தன. 1956 மே 1-ல் மனிதர்களின் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. ஆலைக்கழிவில் வந்த மீதைல் பாதரசம், மீன் வழியாகச் சாப்பாட்டுத் தட்டுக்கு வந்திருந்தது. 2001 மார்ச்சுக்குள் அங்கீகரிக்கப்பட்டவர்கள் 2,265 பேர்!

ஆலையின் சொந்த டாக்டரே 1959-ல் கழிவை ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். பூனைக்கும் அதே நோய்! அந்தப் பூனைக்குப் பெயர் கிடையாது. எண் மட்டும்தான். 400!

நம் கொடைக்கானல் சங்கதி வேறு. 2001-ல் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய தெர்மாமீட்டர் கண்ணாடித் துண்டுகள் குவிந்து கிடந்தன. அவற்றை வீசிய தெர்மாமீட்டர் ஆலை மூடப்பட்டது. 2003-ல் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே போனது. எவ்வளவு? 290 டன்!

அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் கேரன் வெட்டர்ஹான் என்ற வேதியியலாளர். விஷ உலோகங்களை ஆராய்ந்தவர், கையுறை போட்டிருந்தவர். 1996-ல் டைமீதைல் பாதரசம் ஓரிரு சொட்டு கையுறை மேல் சிந்தியது. சில விநாடிகளில் ரப்பரைத் தாண்டி உள்ளே போய்விட்டது. அறிகுறிகள் தெரியவே மாதங்கள் ஆயின. 10 மாதத்தில் இறந்துபோனார். ஓரிரு சொட்டுதான்!

நம் டி.என்.ஏ.வில் பாதரசத்துக்கு மிகவும் பிடித்த இடம் எது? தைமின் என்ற எழுத்து! இரண்டு தைமின் எதிரெதிரே இருந்தால் நடுவில் பாதரசம் நச்சென்று உட்கார்ந்துகொள்ளும். 2004-ல் ஜப்பானியர்கள் அதையே பொறியாக்கினார்கள். டி.என்.ஏ. நூலின் ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் அணைப்பான். பாதரசம் வந்ததும் நூல் மடியும், விளக்கு அணையும்!

காட்மியம் என்ற விஷ உலோகம் தந்த நோய்க்கு ஜப்பானியர்கள் வைத்த பெயரைக் கேளுங்கள். இதாய் இதாய்! அர்த்தம்? "வலிக்குதே, வலிக்குதே!" தோயாமா பகுதியில் ஜின்சு ஆற்றங்கரைப் பெண்கள் எலும்பு நொறுங்கித் துடித்த சத்தமே நோயின் பெயராகிவிட்டது!

குடிநீரில் காட்மியத்துக்கு வரம்பு நூறு கோடியில் 3 பங்கு. ஆனால் அதைப் பிடிக்கிற சென்சாருக்குப் பெரிய தலைவலி ஒன்று உண்டு. காட்மியமும் துத்தநாகமும் அண்ணன் தம்பி ஜாடை! ஒன்று விஷம், ஒன்று உடம்புக்குத் தேவை. தம்பியைப் பார்த்து அண்ணன் என்று கத்துகிற மூலக்கூறுகள் ஏராளம்!

ஈயச்சொம்பில் ரசம் வைக்கிற வீடா உங்களுடையது? அந்த ஈயம் வேறு, விஷ ஈயம் வேறு! சொம்பு வெள்ளீயம். மூளையைக் கெடுப்பது காரீயம். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். காலிச் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு டி.வி. பார்த்த மருமகள்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்!

காரீயத்தையே விளக்காக மாற்றிவிட்டார்கள், நம்புவீர்களா? நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் ஆமல்ஃப் ஆய்வகம். பழைய பெயின்ட் மேல் ஒரு திரவத்தைத் தெளிப்பார்கள். காரீயம் இருந்தால் அது அங்கேயே பெரோவ்ஸ்கைட் என்ற பொருளாக மாறும். யு.வி. டார்ச் அடித்தால் பச்சைப் பசேலென்று எரியும்! சென்சார் எரிவதில்லை, விஷமே எரிகிறது! 2023-ல் வெளியான சங்கதி இது.

மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்றக் காரீயக் குரோமேட் பூசுகிற பாவிகள் இருக்கிறார்கள். பங்களாதேஷ் சந்தை மஞ்சளில் 2019-ல் 47 சதவீதத்தில் காரீயம்! அரசு ரெய்டு நடத்தியது. எக்ஸ்-ரே பாய்ச்சி உலோகத்தை ஒளிரவைக்கிற துப்பாக்கி மாதிரிக் கருவியைச் சந்தைக்கே கொண்டுபோனார்கள். 2021-ல் எவ்வளவு? பூஜ்யம்! இரண்டே வருஷம்!

பங்களாதேஷில் இன்னொரு கணக்கு. ஆர்சனிக் தண்ணீர் வருகிற அடிபம்புக்குச் சிவப்பு பெயின்ட், நல்ல தண்ணீருக்குப் பச்சை. சிவப்பு வாங்கிய பம்புகள் 10 லட்சத்துக்கும் மேல்!

நம் தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் குடிநீர் வந்ததே, அந்தத் திட்டத்தின் முழுப்பெயரைப் பார்த்திருக்கிறீர்களா? பெயருக்குள்ளேயே ஃப்ளோரைடு நோயான ஃப்ளோரோசிஸ் இருக்கிறது! லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு கூடாது. அதைப் பிடிக்கிற சென்சார்களில் ஒரு வகை பலே கெட்டி. சிலிக்கானையும் ஆக்ஸிஜனையும் கட்டிய முடிச்சை ஃப்ளோரைடு அறுத்துவிடும். முடிச்சு அறுந்தால் வெளிச்சம்!

யுரேனியத்துக்குச் சென்சாரே வேண்டாம். அதுவே பச்சையாக ஒளிரும்! பழைய யுரேனியக் கண்ணாடிக் கிண்ணங்கள் யு.வி. வெளிச்சத்தில் பேய்ப் பச்சை காட்டும். 1896-ல் விஞ்ஞானி பெக்கரல் ஒளிரும் யுரேனிய உப்பை ஆராயப்போய், மேகமூட்டத்தால் டிராயரில் போட்டுவைக்க, கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டது!

இருந்தாலும் சென்சார் செய்தார்கள். 2007-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் யி லூ என்பவரின் குழு. டி.என்.ஏ.வால் ஆனது. லட்சம் கோடியில் 11 பங்கு யுரேனியம் இருந்தாலும் கண்டுபிடிக்கும்! உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வரம்பைவிட 2,700 மடங்கு கீழே! வேறு உலோகத்தைப் பார்த்து ஏமாறுமா? 10 லட்சம் மடங்கு பாரபட்சம் பார்க்கும்!

இப்போது நம்ம ஊர்ப் பெருமை. திருச்சி திருவானைக்காவலில் பிறந்த சி.வி.ராமனின் சீடர் ராமநாதன் 1923-ல் தண்ணீரில் மங்கலான ஓர் ஒளியைப் பார்த்தார். "பலவீனமான ஃப்ளோரசன்ஸ்" என்று எழுதிவைத்தார்கள். அது ஃப்ளோரசன்ஸே இல்லை. அதுதான் பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய ராமன் விளைவு!

இன்னும் கேளுங்கள். இன்றைக்கு உலகத்தில் ஒளிர்வை அளக்கிற கருவி சரியாக வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்க்கிறார்கள்? உள்ளே சுத்தமான தண்ணீர் வைப்பார்கள். 350 நானோமீட்டர் ஒளியை அடிப்பார்கள். 397-ல் ஒரு சின்ன மேடு வரும். அது ராமன் மேடு! எந்த நாட்டு லேபானாலும் முதலில் திருச்சிக்காரருக்கு வணக்கம் போட வேண்டும்!

இலங்கையும் சளைத்ததில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் ஏ.பி. டி சில்வா, பிறகு பெல்ஃபாஸ்ட் பேராசிரியர். 1993-ல் ஒரே ஒரு மூலக்கூறைக் கணக்குப் போட வைத்தார்! சோடியமும் வேண்டும், அமிலமும் வேண்டும். இரண்டும் வந்தால்தான் எரியும். கம்ப்யூட்டருக்குள் இருக்கிற லாஜிக் கேட், ஒரு மூலக்கூறாக!

2006-ல் அவர் குழு மூன்றாவதாகத் துத்தநாகத்தையும் சேர்த்தது. மூன்றும் இருந்தால் மட்டும் வெளிச்சம். ஒரு மூலக்கூறே முழு லேப்! அவர் வழியில் பிறந்த சென்சார்கள் ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கால்சியம் அளக்கிற ஆஸ்பத்திரிக் கருவிக்குள் உட்கார்ந்திருக்கின்றன!

இப்படிப்பட்ட சென்சார்களில் அயனியைக் கவ்வுகிற கிரீட மூலக்கூறைக் கண்டவர் சார்லஸ் பெடர்சன். கொரியாவின் பூசானில் பிறந்தவர். வேறெதையோ செய்யப்போய், 0.4 சதவீதம் மட்டும் மிஞ்சிய வெள்ளைப் படிகம் அது. கொட்டாமல் பார்த்தார். 1987-ல் நோபல்! டாக்டர் பட்டம்? கடைசிவரை வாங்கவே இல்லை!

கழுவுதொட்டியில் கொட்டியவருக்கும் நோபல் உண்டு! ஒசாமு ஷிமோமுரா. 1961, அமெரிக்காவின் ஃப்ரைடே ஹார்பர். ஜெல்லிமீன் சாற்றை வெறுத்துப்போய் சிங்க்கில் ஊற்றினார். சிங்க்கே நீலமாக எரிந்தது! மீன் தொட்டியிலிருந்து சிங்க்கில் வழிந்த கடல் நீரின் கால்சியம் செய்த வேலை. பிறகு மனைவி, பிள்ளைகளோடு வருஷா வருஷம் வலை வீசினார். மொத்தம் எத்தனை ஜெல்லிமீன்? ஏறக்குறைய 8,50,000!

2008-ல் அவரோடு நோபல் வாங்கிய ராஜர் சியன் சின்ன வயசில் ஆஸ்துமாக்காரர். வெளியே விளையாட முடியாமல் வீட்டு நிலவறையில் ரசாயனம் கலக்கிய பையன். 1985-ல் அவர் செய்த ஃபுரா-2, செல்லுக்குள் கால்சியம் எழுந்து விழுவதை நேரில் காட்டியது. செல்லுக்கு வெளியே உள்ள கால்சியம் உள்ளே இருப்பதைப்போல 10,000 மடங்கு!

சாயத்தைச் செல்லுக்குள் எப்படி அனுப்பினார்? ஊசி போடவில்லை! மாறுவேடம் போட்டு அனுப்பினார். சவ்வு ஏமாந்து வழிவிட்டது. உள்ளே போனதும் செல்லின் நொதிகளே வேடத்தைக் கலைத்தன. வெளியே வர முடியாமல் சாயம் மாட்டிக்கொண்டது. செல்லே பூட்டிய சிறையில் செல்லையே வேவு பார்க்கிற ஒற்றன்!

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பாலூட்டிகளின் முட்டைக்குள் துத்தநாகம் பொட்டலம் பொட்டலமாகச் சேர்ந்திருக்கும். எலி முட்டையில் 8,000 பொட்டலம். ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் அணு. ஆக 800 கோடி! கருவுறும் அந்த நொடியில் முட்டை அதை வெளியே வீசுகிறது. துத்தநாகம் பட்டால் எரிகிற சாயத்தைச் சுற்றிலும் வைத்துப் பார்த்தார்கள் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில். முட்டையைச் சுற்றிப் பட்டென்று ஓர் ஒளி வளையம்! 2016-ல் மனித முட்டையிலும் பார்த்தாயிற்று. நீங்களும் நானும் மத்தாப்போடு தொடங்கியவர்கள்!

கூட்டமாகச் சேர்ந்தால் ஒளிரும் சாயம் மங்கும் என்பது பாடப்புத்தகம். 2001-ல் ஹாங்காங்கில் பேராசிரியர் பென் ஷோங் டாங்கின் மாணவர் ஒருவர் ஒரு சாயத்தின் ஈரப் புள்ளியைப் பார்த்தார், ஒளி இல்லை. காய்ந்த பிறகு பார்த்தார், ஒளி! தனியாக இருந்தால் இருட்டு, கூட்டம் சேர்ந்தால் வெளிச்சம். நம்ம ஊர் அரட்டைக் கச்சேரி மாதிரி!

உச்சம் இது. ஸ்பெயினில் பிரனீஸ் மலைக்கு அடியில் கான்ஃப்ராங்க் ஆய்வகம். நெக்ஸ்ட் என்ற குழு நியூட்ரினோ என்ற நுண்துகளின் ரகசியத்தைத் தேடுகிறது. செனான் அணு சிதைந்தால் ஒரு பேரியம் அயனி பிறக்கும். அந்த ஒன்றைப் பிடிக்க வேண்டும். இதற்கென்று அவர்கள் எடுத்துப் பார்த்தது எதை? செல்லுக்குள் கால்சியம் பார்க்கச் சியன் செய்த ஃப்ளுவோ-3 சாயத்தை! 2018-ல் ஒற்றை பேரியம் அயனி மின்னியது. ஒன்றே ஒன்று!

டார்ச் வாங்கக் கிளம்பிவிட்டீர்களா? வாங்குங்கள். கண்ணில் மட்டும் அடிக்காதீர்கள், பிள்ளைகள் கையில் தனியாகக் கொடுக்காதீர்கள். மஞ்சள், கீரை, வேட்டி, நோட்டு எல்லாம் பாருங்கள்.

வீட்டுப் போர்வெல் தண்ணீரில் அடித்துவிட்டு "ஒன்றும் மின்னவில்லை, சுத்தம்தான்" என்று மட்டும் முடிவுகட்டிவிடாதீர்கள்! சென்சார் மூலக்கூறு இல்லாத வெறும் டார்ச்சுக்கு நல்ல தண்ணீரும் பாதரசத் தண்ணீரும் ஒன்றுதான். குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக்கூடம் உங்கள் மாவட்டத்தில் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுங்கள்!